விடையும் வழியும்

லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துப் புகைமூட்டத்தில் நிறைந்து, சுவாசிப்போரின் நுரையீரலைப் புண்படுத்தும் ஓசோன் எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேரே வருவதில்லை. வாகனங்களும் ஆலைகளும் வெளிவிடும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும், பெட்ரோல் ஆவி முதலான ஹைட்ரோகார்பன்களும் வெயிலில் கூடி வினைபுரிவதால் அது உற்பத்தியாகிறது என்பதை, ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன விஞ்ஞானி 1950-களின் தொடக்கத்தில் நிரூபித்தார்.

இவ்விரண்டில் எதை எவ்வளவு குறைத்தால் ஓசோன் தணியும் என்று நிர்ணயிப்பதற்காக, ஒரு பிரதேசத்தின் ஆகாயத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, காற்றின் போக்கையும் வெயிலையும் ரசாயன வினைகளையும் ஒவ்வொரு கட்டத்திலும் கம்ப்யூட்டரால் கணக்கிடும் முறை பின்னர் ஏற்பட்டது. கணித்த ஓசோனும் நிலையங்களில் அளந்த ஓசோனும் ஏறக்குறைய ஒத்துவிட்டால் அந்தக் கணிப்பை நம்பலாம் என்பது வழக்கமாயிற்று. அது போதிய பரீட்சை என்று எனக்குத் தோன்றவில்லை. வரவையும் செலவையும் ஒரே தொகையளவு குறைத்தெழுதிய கணக்கிலும் கையிருப்பு சரியாகத்தானே நிற்கும்?

1987-இல், லாஸ் ஏஞ்சலீஸின் வான் நைஸ் பகுதியில், விமான ஓடுபாதையின் கீழே செல்லும் சாலைச் சுரங்கத்தில் வாகனப் புகையை நேரே அளந்து பார்த்தபோது, இக்கணிப்புகளுக்கு ஆதாரமான புகை மதிப்பீடுகள் கூறியதைக் காட்டிலும் கார்பன் மோனாக்ஸைடு ஏறக்குறைய மூன்று மடங்கும், ஹைட்ரோகார்பன்கள் ஏறக்குறைய நான்கு மடங்கும் இருக்கக் கண்டார்கள். இத்தனை குறைந்த ஹைட்ரோகார்பனை வைத்துக்கொண்டும் ஒரு கணிப்பு சரியான ஓசோனைக் காட்டுமானால், காற்று கலக்கும் உயரத்தைத் தாழ்த்தியோ, எல்லைக்கு வெளியிலிருந்து வரும் ஓசோனை உயர்த்தியோ, வேறொரு பிழை அதை ஈடுசெய்திருக்க வேண்டும்.

இந்தப் பிழைகளின் பலனை அனுபவிப்பவர்கள் அந்தக் காற்றைச் சுவாசிக்கும் ஜனங்கள். ஹைட்ரோகார்பன் சொற்பம் என்று நம்பும் கணிப்பு, அதையே மேலும் குறைக்கச் சொல்லும். அது உண்மையில் மிகுந்திருக்கும் இடத்திலோ, குறைக்க வேண்டியது நைட்ரஜன் ஆக்ஸைடாக இருக்கும். அட்லாண்டா போன்ற நகரங்களில் மரங்களே ஐஸோபிரீன் என்னும் ஹைட்ரோகார்பனை ஏராளமாக வெளிவிடுகின்றன. அதைக் கணக்கில் சேர்க்காமல் வகுத்த திட்டத்துக்குச் செலவழித்த பணமும் காலமும் விரயந்தான். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1991-இல் வெளியிட்ட அறிக்கை இவற்றையெல்லாம் எடுத்துரைத்தது.

ஆகவே ஓசோனோடு அதன் மூல வாயுக்களையும் தனித்தனியே அளந்து கணிப்போடு ஒப்பிடுதல் அவசியம். அதனினும் கடுமையான பரீட்சை, புகையின் அளவு மாறும்போது கணிப்பும் அதற்கேற்ப மாறுகிறதா என்று பார்ப்பது. கிழக்கு அமெரிக்காவின் அனல்மின் நிலையங்கள் 2004-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நைட்ரஜன் ஆக்ஸைடைப் பெருமளவு குறைத்தபோது அதற்கு வாய்ப்புக் கிடைத்தது. கோடைக்கால ஓசோன் தணிந்தது. கணிப்பும் தணிவைக் காட்டிற்று, ஆனால் கருவிகள் அளந்ததைவிடக் குறைவாகவே காட்டிற்று.