எள்ளலும் இருக்கையும்



நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வகுத்துள்ளது. அவற்றுள் முதலில் நிற்பது எள்ளல். எள்ளுவோர், எள்ளப்படுவோர் என இருவர் அதில் உண்டு. ஆதலின், ஓர் அங்கதத் திரைப்படத்தில் எத்தனை வகை மாந்தர் இடம்பெற்றனர் என்று எண்ணுவதோடு திறனாய்வு முடிந்துவிடாது. சிரிப்பு எவர் பக்கம் நின்று, எவரை நோக்கி எழுகிறது என்பதையும் காண வேண்டும்.

2014ஆம் ஆண்டு பிரான்சில் பெருவெற்றி பெற்ற, பிலிப் தெ ஷோவ்ரோன் இயக்கிய நகைச்சுவைப் படமொன்றில் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண்கள் நால்வரும் வெவ்வேறு இன, சமயப் பின்னணியினரை மணக்கின்றனர். அங்கே எல்லாரும் எல்லாரையும் கேலி செய்கின்றனர். கேலியைச் சமமாகப் பங்கிட்டால் சமத்துவம் வந்துவிடுமா என்னும் வினா அப்படத்தைக் காண்போர்க்கு எழாமல் இராது.

தமிழில் அவ்வினாவை நேர்கொண்டு நிற்பது, மடோன் அஸ்வின் இயக்கி 2021 ஏப்ரலில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சில நாள் முன்னர் வெளிவந்த 'மண்டேலா'. 68ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அறிமுக இயக்குநருக்கும் உரையாடலுக்கும் உரிய விருதுகளை அது பெற்றது.

சூரங்குடி என்னும் கற்பனைச் சிற்றூர் வடக்கூர், தெற்கூர் எனச் சாதியால் பிளவுண்டு கிடக்கிறது. இருதரப்பார்க்கும் முடிதிருத்தி, ஏவிய வேலையெல்லாம் செய்து வாழ்பவருக்குப் பெயர்கூட இல்லை. 'இளிச்சவாயன்' என்பதே அழைப்பு. அஞ்சலகப் பெண் தேன்மொழி அவருக்கு நெல்சன் மண்டேலா எனப் பெயர் சூட்டுகிறார். பெயரைத் தொடர்ந்து வாக்காளர் அட்டையும் வருகிறது. ஊராட்சித் தேர்தலில் இருதரப்பு வாக்குகளும் சமமாக, அந்த ஒற்றை வாக்கே வெற்றியை முடிவு செய்யும் நிலை உருவாகிறது. நேற்றுவரை எள்ளியவர்கள் இன்று பரிசுப் பொருள்களோடு வரிசையில் நிற்கிறார்கள். பல படங்களில் உருவத்திற்காகக் கேலிக்கு ஆளான யோகி பாபு இங்கே கதைத்தலைவர். சிரிப்புக்கு இலக்காவது அவர் உருவமன்று, சாதிச் செருக்கு. இத்திசைமாற்றமே படத்தின் பெருமை.

எனினும் எல்லை ஒன்றுண்டு. மண்டேலா வாக்காளராகவே நிற்கிறார், வேட்பாளராக நிற்கவில்லை. இந்த வேறுபாட்டின் ஆழத்தை மதுரை மண் நன்கறியும். நாகமலை புதுக்கோட்டை வழியே மேற்கே செல்லும் சாலை சேரும் உசிலம்பட்டி வட்டாரத்தில்தான் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் உள்ளன. 1996இல் இவ்வூர்களின் ஊராட்சித் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. வேட்புமனு இல்லாமலும், வென்றவர் உடனே விலகியும் பத்தாண்டுகள் கழிந்தன. 2006இல்தான் பதவியில் நிலைத்த தலைவர்கள் அமர்ந்தனர். மேலூர் வட்டத்து மேலவளவிலோ, தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன் 1997 ஜூன் 30ஆம் நாள் பேருந்தில் சென்றபோது உடன்வந்தோர் சிலருடன் படுகொலை செய்யப்பட்டார்.

அவ்வூர்களில் ஒடுக்கப்பட்டவர் வாக்களித்ததைவிட, தலைவர் இருக்கையில் அமர்வதே ஆதிக்கத்தாரால் பொறுக்க இயலாததாயிற்று. வாக்கு ஒருநாள் உரிமை. இருக்கையோ ஐந்தாண்டு அதிகாரம். முன்னதற்கு விலைபேசலாம் என்று ஆதிக்கம் நம்புகிறது. பின்னதைக் கண்டு அஞ்சுகிறது. 'மண்டேலா' அந்த விலைபேசலைச் சிரிப்பாக்கியது. அந்த அச்சத்தைச் சிரிப்பாக்கும் படம் தமிழுக்கு இன்னும் தேவை.

கவிதைக்கும் இது பொருந்தும். ஒடுக்கப்பட்டவரை இரக்கத்திற்குரிய உருவமாகப் பாட்டில் நிறுத்துவது எளிது. அவர் எள்ளி நகைக்க, ஆதிக்கம் நாணி நிற்கும் பாட்டு அரிது. சிரிக்கும் உரிமையும் இருக்கையைப் போன்றதே. அது இதுவரை எவரிடம் இருந்தது என்று ஒவ்வொரு கவிஞரும் தம் பாட்டைத் தாமே வினவிப் பார்த்தல் நன்று.