அளந்து சொல்வோம்

மேகம் கருத்தால் மொட்டைமாடிக்கு ஓடும் வானிலை ஆர்வலர்களே!

புயல் ஆராய்ச்சி என்றதும் செயற்கைக்கோள் படம்தான் நம் நினைவுக்கு வருகிறது. செயற்கைக்கோள் பிறப்பதற்கு எண்பது ஆண்டுகளுக்கும் முன்பு, கியூபாவின் ஹவானா நகரில் பெனிட்டோ வின்யேஸ் என்ற பாதிரியார் இருந்தார். உயரத்தில் கீற்று மேகங்கள் எந்தப் பக்கமிருந்து விரிகின்றன, காற்றழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று நாள் தவறாமல் குறித்தார். 1875 செப்டம்பரில் புயல் வருகிறது என்று அவர் முன்கூட்டியே எச்சரித்தார், வந்தது. பல ஊர்களிலிருந்து தந்தியில் தகவல் அனுப்பப் பார்வையாளர்களையும் திரட்டினார்.

1900இல் அதே கியூபாவின் வல்லுநர்கள், ஒரு புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் நுழைகிறது என்று கணித்தார்கள். அமெரிக்க வானிலைத் துறையின் வாஷிங்டன் அதிகாரிகளோ, அது வடக்கே திரும்பிவிடும் என்றார்கள். கியூபாவின் புயல் தந்திகளுக்கு அவர்கள் ஏற்கெனவே தடை போட்டிருந்தார்கள். செப்டம்பர் 8 அன்று டெக்சாஸின் கால்வெஸ்டன் தீவு நகரைக் கடல் விழுங்கியது. 6,000 பேருக்கும் மேல் மாண்டார்கள். தோழர்களே, அங்கே அறிவு இருந்தது. அதைக் கேட்கும் மனம் இல்லை!

1943 ஜூலை 27. அதே கால்வெஸ்டன் அருகே இன்னொரு புயல். ஜோசப் டக்வொர்த் என்ற விமானப்படை அதிகாரி, ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்தில் அதன் கண்ணுக்குள்ளேயே பறந்து, உயிரோடு திரும்பினார். இன்று அப்படிப் பறக்கும் விமானங்கள் சிறு குழாய் போன்ற கருவிகளைப் புயலுக்குள் போடுகின்றன. பாராசூட்டில் இறங்கிக்கொண்டே அவை அழுத்தம், வெப்பம், ஈரப்பதம், காற்று நான்கையும் வானொலி அலையில் அனுப்புகின்றன.

இத்தனை இருந்தும் 2023 அக்டோபரில் ஓட்டிஸ் புயல் ஒரே நாளில் புயல் வலிமை அளவுகோலின் உச்ச வகைக்கு வலுத்து, மெக்சிகோவின் அக்கபுல்கோவைத் தாக்கியது. கணினி மாதிரிகள் அதை எதிர்பார்க்கவில்லை. முந்தின நாள் பிற்பகல் உள்ளே பறந்த விமானம் அளந்த பிறகே அதன் உண்மை வலிமை தெரிந்தது. நேரில் அளப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை.

இதில் நமக்கு என்ன வேலை? "நேற்று செம மழை" என்று டீக்கடையில் பேசுகிறோம். பேசுவோம், தவறில்லை. ஆனால் "இன்று காலை 8.30 வரை 62 மில்லிமீட்டர்" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சு தரவாகிவிடுகிறது. ஒரு மழைமானி வாங்குங்கள். சமதரையில், மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வையுங்கள். மழை பெய்யாத நாளில் பூஜ்யம் என்று எழுதுங்கள், அதுவும் அளவுதான். படம் அனுப்பினால் ஊரும் நேரமும் சேர்த்து அனுப்புங்கள். பழைய புயலின் காணொளியைப் புதிது என்று பரப்பாதீர்கள்; பொய்யான பத்து எச்சரிக்கைகளைக் கேட்டவர், உண்மையான பதினோராவதை நம்பமாட்டார்.

எச்சரிக்கை விடும் பொறுப்பு வானிலை ஆய்வு மையத்துக்கு உரியது. நேர்மையாக அளந்து தருவதும், வந்த எச்சரிக்கையைக் கடைசித் தெருவரை கொண்டு சேர்ப்பதும் நம் கடமை. வரும் பருவமழையிலிருந்தே தொடங்குவோம்!