ஓரிலி, ஈரிலி, மூவிலி
(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“குறளும் சிலம்பும் பேசத் தமிழ் போதும், புற்றுநோய் ஆய்வைப் பேச ஆங்கிலமன்றோ வேண்டும்?” என்பார் இன்றும் உளர். அன்னார்க்குச் சொல்லால் விடை கூறுவதினும் செயலால் விடை கூறலே தக்கது. எனவே, மார்பகப் புற்றின் வளர்ச்சியையும் பரவலையும் ஆய்வதற்கு எந்தச் சுண்டெலியைத் தெரிந்துகொள்வது என்னும் வினாவையே இன்று எடுத்துக்கொண்டேன்.

எலி என்னாது சுண்டெலி என்றேன். ஆங்கிலர் எலியை இரண்டு பெயரால் பிரித்ததை வியப்பார், நம் உழவன் சுண்டெலி, வெள்ளெலி, பெருச்சாளி, மூஞ்சூறு எனப் பகுத்ததை எண்ணார். (மூஞ்சூறு எலியினமே அன்று என்பது வேறு.)

மாந்தரின் புற்றைச் சுண்டெலியின் உடலில் நட்டால், அவ்வுடல் அதனை அயலென்று கண்டு அழித்துவிடும். ஆதலின் எதிர்ப்பாற்றல் குன்றிய எலியே வேண்டும். அவ்வெதிர்ப்புப் படையில் இங்கு நாம் கருதத்தக்கவை மூன்று: தைமசுச் சுரப்பியில் முதிரும் ‘டி’ உயிரணு, எதிர்ப்பொருளைச் சுரக்கும் ‘பி’ உயிரணு, முன்னறிமுகமின்றியே அயலைக் கொல்லும் இயற்கொல்லி உயிரணு. இம்மூன்றனுள் எத்தனை இல்லை என்பது கொண்டு எலிகளை ஓரிலி, ஈரிலி, மூவிலி என்று அழைப்போம். எலி ‘இலி’யாயிற்றே என்று நகைக்க வேண்டா. ஓரிலிக்கு ஆங்கிலர் இட்ட ‘நியூடு’ என்னும் பெயர் அம்மணம் என்றே பொருள்படும். அது தோலைக் கண்டு இட்ட பெயர். உள்ளிருக்கும் குறையைச் சொல்லாது. நம் பெயரோ சொல்லும்.

அம்மயிரற்ற ஓரிலி 1962-இல் கிளாசுகோ நகரில் தற்செயலாகத் தோன்றியது. அதற்குத் தைமசு இல்லையென்று 1968-இல் பாண்டெலூரிசு காட்டினார். மறு ஆண்டே தென்மார்க்கு நாட்டு ரைகார்டும் போவுல்சனும் மாந்தரின் பெருங்குடற் புற்றை அதன்மேல் வளர்த்தனர். மயிரின்மையால் கட்டியின் வளர்ச்சியைக் கண்ணாற் காணலாம், கருவியால் அளக்கலாம். கட்டி வளர்கின்றதா, மருந்தால் சுருங்குகின்றதா என்னும் அளவில் வினா நிற்குமானால், ஓரிலியே பெரும்பாலும் போதும்.

பரவலைக் காண வேண்டுவார்க்கு இங்குத்தான் இடர். ஓரிலியிடத்து இயற்கொல்லி உயிரணுக்கள் மிகுதி. கட்டியினின்று கழன்று குருதியில் மிதந்து வரும் புற்றணுக்களை, அவை நுரையீரலில் தங்குமுன்னரே இவை கொன்றுவிடும். பரவலைத் தடுக்கும் மருந்தொன்றை இவ்வெலியில் ஆய்கின்றோம் என்று கொள்ளுங்கள். மருந்து பெற்ற எலியிலும் பரவவில்லை. பெறாத எலியிலும் பரவவில்லை. இதனால் அறிந்தது யாது? ஒன்றுமில்லை. எலிகளும் மாண்டன; பொழுதும் பணமும் கழிந்தன; நோயுற்ற பெண்ணுக்கோ பயனில்லை.

ஈரிலியை 1983-இல் பிலடெல்பியாவில் மெல்வின் போசுமாவும் அவர்தம் குழுவினரும் கண்டறிந்தனர். டி, பி ஆகிய இரண்டும் இதற்கில்லை, இயற்கொல்லி உண்டு. அகவை ஏற ஏறச் சிலவற்றில் எதிர்ப்பொருள் சிறிதளவு கசிவதுமுண்டு. முறிந்த மரபிழையைச் செப்பஞ்செய்யும் ஆற்றல் குன்றியதால் இது கதிர்வீச்சைத் தாங்காது. கதிர் மருத்துவத்தை ஆய்வார் இதனை விலக்குதல் நன்று.

மூவிலி இந்நூற்றாண்டினது. 2002-இல் சப்பானியரும், 2005-இல் அமெரிக்கச் சாக்சன் ஆய்வகத்தாரும் இதன் இருவகைகளை வெளியிட்டனர். மார்பகப் புற்று நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவுதலை இதில் நன்கு காணலாம். ஆயின் விலை மிகுதி. காற்றும் நீரும் உணவும் நுண்ணுயிர் நீக்கியனவாதல் வேண்டும். ஈரிலியின் மரபுக் குறை இதற்கும் உண்டாதலின் கதிரை இதுவும் தாங்காது.

எலியைத் தெரிந்தால் மட்டும் போதாது. புற்றையும் தெரிதல் வேண்டும். 1970-இல் திட்ராய்ட்டில் துறவியம்மையார் ஒருவரின் நெஞ்சுக்கூட்டு நீரினின்று எடுத்து வளர்த்த எம்.சி.எப்.–7 என்னும் அணுவழி, பெண்மை இயக்குநீரை நம்பி வளர்வது, சிறு வில்லையாக அந்நீரை எலியின் தோலடியில் வைத்தாலன்றி நன்கு வளராது, பரவுதலும் அரிது. 1973-இல் கூசுட்டனில் எடுத்த எம்.டி.ஏ.–எம்.பி.–231 அதனை வேண்டாது, கடுமையாகப் பரவும்.

நடும் இடமும் அன்னதே. பெண் சுண்டெலிக்கு மார்பகம் ஐயிணை. நான்காம் இணையின் கொழுப்புத் திண்டில் நடுதலே பெருவழக்கு. புற்று தன் இயல்பான நிலத்தில் வேரூன்றிப் பின் பரவும். வாற்குருதிக்குழலில் செலுத்தினால் அணுக்கள் நேரே நுரையீரலைச் சேரும். விரைவான முறைதான், ஆனால் கட்டியினின்று கழன்று குருதிக்குள் நுழையும் முதற்படிகள் அதில் காணக்கிடையா. அதனைப் ‘பரவல்’ என்று எழுதுவதினும் ‘குடியேற்றம்’ என்று எழுதுவதே நேர்மை.

ஒன்று எஞ்சியுள்ளது. உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டிப் புற்றை வெல்லும் புதுமருந்துகளை இம்மூன்று எலியிலும் உள்ளவாறு ஆய்தல் இயலாது. தூண்டப்பட வேண்டிய டி உயிரணுவே அவற்றில் இல்லையன்றோ! அதற்கென மாந்தரின் குருதிமுதலணுக்களை மூவிலியின் உடலிற் செலுத்தி, மாந்தப் படையை அதனுள் வளர்க்கின்றனர். இவ்வெலிக்கு நல்ல தமிழ்ப் பெயரொன்றை அடுத்த திங்கட் கூட்டத்திற்குள் ஆக்கித் தருமாறு இங்குள்ள மாணவர்களைக் கேட்டுக்கொள்கின்றேன்.