பிச்சை வரிசையா? பைத்துல்மாலா?

(மஹல்லா இளைஞர்கள், வியாபாரிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ரமளானின் கடைசிப் பத்தில் நம் கடைவீதிகளைப் பாருங்கள். எழுபது வயதுத் தாய்மார்கள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். இங்கே பத்து ரூபாய், அங்கே இருபது ரூபாய். ஜகாத் கொடுத்துவிட்டோம் என்று நாம் நிம்மதி அடைகிறோம். ஷவ்வால் மாதம் அந்தத் தாயின் மருந்துக்கு யார் பொறுப்பு?

கணக்கைப் பாருங்கள். பத்து லட்சம் ரூபாய் சரக்குள்ள வியாபாரியின் ஜகாத், இரண்டரை சதவீதம், 25,000 ரூபாய். அதை மஹல்லா பைத்துல்மாலில் சேர்த்தால் ஒரு முதியவருக்கு மாதம் 2,000 ரூபாய் ஆண்டு முழுவதும் வீடு தேடிப் போகும். பெருநாள் செலவுக்கு 1,000 ரூபாய் மிஞ்சும். சில்லறையாக மாற்றினால் ஒரே நாளில் தீரும். முதியவரின் மானமும் அதோடு போகும்!

ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைச் சொல்லும் திருக்குர்ஆன் வசனம் (9:60), அதை வசூலிக்கும் ஊழியர்களையும் ஒரு வகையாகச் சேர்த்துள்ளது. கூட்டாகத் திரட்டி முறையாக வழங்க வேண்டும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? கலீஃபா உமர் (ரலி) அவர்கள், யாசித்து நின்ற முதிய யூதர் ஒருவரைக் கண்டு, அவருக்கும் அவர் போன்றோருக்கும் பைத்துல்மாலிலிருந்து வழங்க உத்தரவிட்டார்கள். அங்கே மதம் குறுக்கே வரவில்லை.

மஹல்லாவின் பலம் என்ன? எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பெரியவரின் மகன் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்டான் என்பது நமக்குத் தெரியும். தாலுகா அலுவலகத்துக்குத் தெரியாது. ஆபத்தும் அதில்தான்! தெரிந்ததைத் திண்ணையில் பேசினால், உதவி பெறுவோர் பெயரைப் பலகையில் எழுதினால், மானமுள்ளவர் பட்டினி கிடப்பாரே தவிர நம் வாசலுக்கு வரமாட்டார். சொல்லிக் காட்டுவது தர்மத்தையே பாழாக்கும் (2:264).

பைத்துல்மால் இருக்கிறதே என்று அரசிடம் உள்ள உரிமையை விட்டுவிடவும் கூடாது. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. நம் மஹல்லாவில் தகுதி இருந்தும் வாங்காதவர் எத்தனை பேர்? ஆதாரில் ஒரு பெயர், குடும்ப அட்டையில் வேறு எழுத்து என்று அலைந்து ஓய்ந்தவர் எத்தனை பேர்?

இளைஞர்களே! வாரம் ஒரு நாள் ஒதுக்குங்கள். வீடு வீடாகச் சென்று பட்டியல் எடுங்கள். பெரியவர்களை இ-சேவை மையத்துக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள். வியாபாரிகளே! ஜகாத்தைக் கணக்கிட்டுக் கூட்டாகச் செலுத்துங்கள். வரவு செலவைக் கேளுங்கள், பெற்றவர் பெயரைக் கேட்காதீர்கள்.

நாமும் முதுமையை நோக்கித்தான் நடக்கிறோம். அன்று நாம் வரிசையில் நிற்பதா, வீட்டில் மானத்தோடு இருப்பதா என்பதை இன்று நாம் அமைக்கும் பைத்துல்மால்தான் தீர்மானிக்கும். அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக!