பிடி கழன்ற கத்தி: ஒரு தொழிலும் அதன் சொற்களும்



மொழியியல் உரை கேட்க வந்துள்ள உங்கள் முன் ஒரு சவரக்கத்தியை வைத்துள்ளேன். மடக்கினால் கைக்குள் அடங்கும் பழைய கத்தி இது. சுங்கை புரோங், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் என் இளமைக்காலத்தில் ஒரு பெரியவர் இதைக் கொண்டு தொழில் செய்தார். லயத்தின் ஓரத்து மரநிழலே அவருடைய கடை. அடைப்பம் என்னும் பையில் கத்தி, கத்தரி, கிண்ணம், கல், தீட்டுதோல் ஆகியவற்றை அடக்கி வருவார். அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின் அவருடைய பெயரன் இக்கத்தியை என்னிடம் தந்தார். "ஐயா, தூக்கிப் போட மனசு வரல, வீட்ல வச்சிக்கவும் கூச்சமா இருக்கு" என்றார். அந்தக் கூச்சத்தைப் பற்றியும், அதனால் நம் மொழி இழந்ததைப் பற்றியுமே இன்று பேச விழைகிறேன்.

கத்தி என்னிடம் வந்தபோது அலகில் துரு ஏறியிருந்தது, பிடி வெடித்திருந்தது. அப்பிடி செல்லுலாய்டால் ஆனது. செல்லுலாய்டு முதுமையுற்றுச் சிதையும்போது அமில ஆவியை வெளியிடும். காக்க வேண்டிய அலகை அந்த ஆவியே அரித்துவிடும். எனவே முதல் வேலை, ஆணியின் தலையை அராவிப் பிடியை அகற்றுவது. அடுத்து, எண்ணெய் தடவி உப்புத்தாளால் துருவைக் கையாலேயே தேய்த்து எடுக்க வேண்டும். சுழலும் பொறியில் வைத்தால் வேலை விரைவில் முடியும். ஆனால் மெல்லிய அலகு சூடேறி நீலம் பாய்ந்தால் அதன் தோய்ச்சல் கெட்டுவிடும். பிறகு எத்துணைத் தீட்டினாலும் கூர் நிலைக்காது. வேறொரு கத்தியில் இப்பிழையைச் செய்து கற்றுக்கொண்டேன்.

புதிய பிடிக்கு எருமைக் கொம்பைத் தேர்ந்தேன். ஒரே அளவில் இரு தகடுகளை அறுத்து, அராவி, மெருகேற்றி, பித்தளைக் கம்பியால் தறைந்தேன். பிடியின் வாற்பகுதியில், இரு தகடுகளுக்கும் இடையே, ஒரு சிறு ஆப்பு உண்டு. அதுவே தகடுகளை விலக்கி அலகுக்கு இடம் தருகிறது. அது பிசகினால், மடக்கும்போது அலகின் வாய் பிடியில் உரசி மழுங்கும். ஆணி இறுகினால் கத்தி திறவாது. தளர்ந்தால் அலகு ஆடும். தீட்டுவதில் ஒரு நுட்பம் உண்டு. முதுகும் வாயும் ஒருங்கே கல்லில் படியுமாறு வைத்தால் போதும். முதுகின் தடிமனே கோணத்தை வரையறுத்துவிடும். முரட்டுக் கல்லில் தொடங்கி நுண்கல்லில் முடித்து, இறுதியாகத் தோலில் இழுக்க வேண்டும்.

இப்போது சொற்களுக்கு வருவோம். வாய், முதுகு, வால் எனக் கத்திக்கு உடலுறுப்புகளின் பெயர்களையே தமிழர் இட்டுள்ளனர். சவரம் என்பது வடமொழியின் க்ஷௌரம். மழித்தல் என்பது நம் சொல். திருக்குறளின் 280ஆம் குறள் இச்சொல்லை ஆள்கிறது. மழி, மழுங்கு, மழுமழுப்பு ஆகிய மூன்றையும் ஒரே வேரின் கிளைகளாகக் கருதலாம். முகம் மழுமழுப்பாவதும் கத்தியின் வாய் மழுங்குவதும் ஒரே சொற்குடும்பத்துள் அடங்குகின்றன. பொருநராற்றுப்படை பாடினியின் காதை வருணிக்கும்போது மயிர் குறைக்கும் கருவியின் கைப்பிடியை உவமையாகக் கொள்கிறது. கத்தரியின் பிடியை அழகின் அளவுகோலாகக் காணப் பத்துப்பாட்டுப் புலவர் கூசவில்லை.

கூச்சம் பின்னர் வந்தது. சிரைத்தல் என்னும் சொல்லை நாம் வசையாக்கினோம். தொழிலின் பெயரைச் சாதியின் பெயராக்கி, அதையும் இழிசொல்லாக்கினோம். இதே சமூகத்தார்க்கு மருத்துவர் என்ற பெயரும் தமிழகத்தில் உண்டு. அவர்தம் பெண்டிர் மருத்துவச்சியராய் ஊரின் பிள்ளைப்பேற்றைத் தாங்கினர். இங்கிலாந்திலும் முடிதிருத்துநரும் அறுவை மருத்துவரும் 1540இல் ஒரே சங்கமாக இணைந்திருந்து, 1745இல்தான் பிரிந்தனர். உடலைத் தொட்டுக் கத்தி பிடிக்கும் கை, அங்கும் இங்கும் ஒரே கையாகவே இருந்தது. அதைத் தீண்டத்தகாததாக எண்ணியது நம் குறை.

காலமும் மாறியது. அமெரிக்காவில் ஜில்லெட் தம் பாதுகாப்புச் சவரக்கருவியை 1903இல் விற்பனைக்குக் கொணர்ந்தார். கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் வணிகப் பயிராகத் தொடங்கிய செம்பனை, பிற்காலத்தில் பால்மரங்களின் இடத்தைப் பிடித்தது. தோட்டத்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர்; மரநிழற் கடையும் மறைந்தது. பழைய கத்தியைக் கடைகளுக்கு மீட்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பலர்க்குப் பொதுவான இடத்தில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் அலகே உடல்நலத்துக்கு நன்று. ஆனால் கருவி மாறியது என்பதற்காக, அதைச் சூழ்ந்து வளர்ந்த சொற்களையும் இழக்க வேண்டியதில்லை.

என் தவற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். பணிக்காலம் முழுவதும் தமிழ்ச் சொற்களைத் தொகுத்தேன். உழவரிடமும் தச்சரிடமும் பால்வெட்டுத் தொழிலாளரிடமும் வினாப்பட்டியலோடு சென்றேன். மாதந்தோறும் என் தலையைத் தொட்ட அந்தப் பெரியவரிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. பிடியின் வாற்பகுதியில் இருக்கும் அச்சிறு ஆப்பை அவர் எவ்வாறு அழைத்தார்? எனக்குத் தெரியாது. ஆப்பு என்பது நான் தச்சரிடமிருந்து வாங்கிக்கொண்ட சொல். தறைதலும் தோய்ச்சலும் கொல்லருடைய சொற்கள். கொம்பைக் கொண்டு கத்திக்குப் புதுப்பிடி இட்டுவிட்டேன்; அவருடைய சொல்லுக்கு ஈடாக வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

எனினும் ஒன்று நிகழ்ந்தது. வேலை முடிந்ததும் பெயரனை அழைத்துக் கத்தியைக் கையில் தந்தேன். அவர் அதைத் திறந்தார். பெருவிரல் தானாகவே அலகின் அடியில் சென்று அமர்ந்தது. "தாத்தா இப்படித்தான் பிடிப்பாரு" என்றவர், ஒரு மணி நேரம் பேசினார். தண்ணீர் தெளிக்கும் முறை, தோலை இழுத்துப் பிடிக்கும் முறை, குழந்தைக்கு முதல் முடி எடுக்கும் முறை என ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. முன்னர் வினாப்பட்டியலை நீட்டியபோது "ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க" என்றவர் அவரே. நான் தேடிய அந்த ஒரு சொல் வரவில்லை. ஆயினும் அறியாத பதினொரு சொற்களைக் குறித்துக்கொண்டேன். விடைபெறும்போது கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்றார். இன்று இந்த அவைக்காக இரவல் தந்திருக்கிறார். மாலையில் திருப்பித் தரவேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களைச் சொல் திரட்ட அனுப்பும்போது தாளை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். வீட்டு மூலையில் கிடக்கும் கருவியை முதியவர் கையில் கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். மாணவர்களே, முடிதிருத்துநரிடம், சலவைத் தொழிலாளரிடம், செருப்புத் தைப்பவரிடம் செல்லுங்கள். "ஐயா, இதற்கு என்ன பெயர்?" என்று மதிப்போடு கேளுங்கள். நான் கேட்கத் தவறியதை நீங்களாவது கேளுங்கள்.