அலையின் வேகம் யார் கையில்?



எங்கள் ஆரணியில் விடியற்காலையில் பட்டுப் பாவைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். ஒரு முனையை விரலால் தட்டினால் அதிர்வு மறுமுனை நோக்கி ஓடும். ஆனால் ஓர் இழைகூட உடன் ஓடுவதில்லை. ஓடுவது அசைவே, பொருளன்று. அலையின் இலக்கணம் இதுவே.

இவ்விலக்கணத்தைப் பிழையின்றி ஒப்பித்தவர்களுக்குப் பல்லாண்டுகள் முழு மதிப்பெண் அளித்து வந்தேன். ஒரு நாள் இரு மாணவர்களிடம் நீண்ட கயிறொன்றைக் கொடுத்து, "துடிப்பு விரைவில் மறுமுனையைச் சேர என்ன செய்யவேண்டும்?" என்று வினவினேன். "வேகமாக உதறவேண்டும், ஐயா" என்றான் ஒருவன். வகுப்பு முழுவதும் அதனை ஆமோதித்தது. என் போதனையின் குறையை அன்றுதான் உணர்ந்தேன்.

உதறச் செய்தேன். ஓங்கி உதறியபோது மேடு உயர்ந்தது. வெடுக்கென உதறியபோது மேடு குறுகியது. சென்று சேரும் நேரமோ மாறவில்லை. கயிற்றை இறுக்கிய பின்னரே துடிப்பு விரைந்தது. இழுவிசை நான்கு மடங்கானால் வேகம் இரு மடங்காகும்; கனத்த கயிற்றில் வேகம் குறையும்.

கயிற்றுக்கு மட்டுமன்று, கடலுக்கும் வேகத்தை விதிப்பது ஊடகமே. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திரா அருகே எழுந்த ஆழிப்பேரலையை நினையுங்கள். 4000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அத்தகைய அலை மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். கரையருகே ஆழம் குறையக் குறைய வேகம் தணிந்து உயரம் பெருகும்.

அலையை எழுப்புவது கை. அதன் வேகத்தை விதிப்பது ஊடகம். நான் சொன்னேன் என்பதற்காக இதனை நம்பவேண்டா. இன்றே ஒரு கயிற்றை எடுத்து உதறிப் பாருங்கள்.