கணினிக் காவலும் மலையகப் பெண்ணும்

கண்டியை அடுத்த லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். பின்னர்த் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழரிற் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர். எஞ்சியோர்க்கு அதனை மீட்டளித்தது 2003ஆம் ஆண்டுச் சட்டமே. ஒரு பத்திரம் இல்லாமையால் நேரும் அல்லலை அம்மக்கள் நன்கறிவர்.

இன்று மனிதரின் அடையாளமும் வங்கிக் கணக்கும் கணினிப் பதிவுகளில் உறைகின்றன. அவற்றைத் திருட்டினின்றும் திரிபினின்றும் காப்பதே கணினிப் பாதுகாப்புத் தொழில். கணினிக் குற்றங்களுக்கென இலங்கையில் 2007இல் தனிச்சட்டமும் இயற்றப்பட்டது.

இத்தொழிலுக்கு வழிகாட்டும் கணினிப் பொறியியல் பேராதனைப் பல்கலைக்கழகத்திலேயே கற்பிக்கப்படுகிறது. ஆயினும், உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகமும் இரசாயனமும் பயின்றவர்க்கே பொறியியற் பீடத்தின் கதவு திறக்கும். பல தோட்டப் பாடசாலைகளில் அவ்வகுப்புகளே இல்லை. கொழுந்து பறிக்கும் தாயின் மகளுக்குத் தடையாவது அறிவின்மை அன்று, ஆசிரியர் இன்மையே. அக்குறை நீங்கின், உரிமைப் பத்திரத்துக்கு ஏங்கிய குடியின் மகள் நாட்டு மக்களின் பதிவுகளுக்கே காவலாய் நிற்பாள்.